புகைக்குள் தூவும் கரி

ஒரு கிலோ நிலக்கரியில் பாதரசம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு பெரிய அனல் மின் நிலையம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் எரிக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2015-இல் மனிதச் செயல்களால் உலகக் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரி எரிப்பிலிருந்து வந்தது. உலை வெப்பத்தில் பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடும். புகை ஆறும்போது ஒரு பகுதி குளோரினோடு சேர்ந்து சாம்பலில் ஒட்டும், நீரில் கரையும். மீதி தனிம ஆவியாகவே, தூசியைப் பிடிக்கும் இ.எஸ்.பி. கருவியைத் தாண்டிப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. பல மாதங்கள் காற்றில் சுற்றி நீர்நிலைகளில் இறங்கி, நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசமாகி, மீன் வழியாக நம் உடலுக்கு வருகிறது.

அந்தத் தனிம ஆவியைப் பிடிக்கக் கரித்தூளைப் புகைக்குழாயில் தூவலாம். அமெரிக்க மின் நிலையங்கள் பல, 2012-இல் வந்த விதிகளுக்குப் பிறகு, புரோமின் ஏற்றிய கிளர்வூட்டிய கரியை இப்படித்தான் பயன்படுத்துகின்றன. நுண்துளைகள் மிகுந்த விலையுயர்ந்த கரிதான் இதற்கு வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தூவிய தூள் புகையோடு இருப்பது சில நொடிகளே. வெப்பமோ சுமார் 150 டிகிரி. அந்நிலையில் வெறும் கரி தனிமப் பாதரசத்தைத் தளர்வாகத்தான் பற்றும். புரோமினோ கந்தகமோ பரப்பில் இருந்தால் வேதிப்பிணைப்பு உண்டாகி இறுகப் பிடிக்கிறது. அப்படியானால் பரப்பின் அளவைவிட அதன்மேல் இருப்பதே முக்கியம். தவிர, இந்தக் கரி ஒருமுறை பயன்பட்டதும் சாம்பலோடு போய்விடும். காற்றில்லாமல் சுட்டெடுத்த சாதாரணக் கரியில் புரோமைடு உப்பை ஏற்றி முயல்வதே சிக்கனம். காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டிக் கரிக்குப் பஞ்சமில்லை. பழைய டயரை வெப்பத்தால் சிதைத்தெடுத்த கரியில் கந்தகம் இயல்பாகவே உண்டு. ஆனால் துத்தநாகமும் சாம்பலும் அதில் அதிகம், டயர் சிதைக்கும் ஆலைகளே பல இடங்களில் மாசுக் கூடங்கள். நான் தொட்டிக் கரியின் பக்கமே நிற்பேன்.

கரி கலந்தால் சாம்பல் கெட்டுப்போகும், சிமென்ட் ஆலைகள் வாங்காது என்பது நியாயமான ஆட்சேபம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ நிலக்கரி தரும் புகை சுமார் 6 கன மீட்டர். கன மீட்டருக்கு 40 மில்லிகிராம் கரி தூவினால் மொத்தம் கால் கிராம். இந்திய நிலக்கரியின் சாம்பலோ கிலோவுக்கு 300 கிராமுக்கு மேல். காற்றுக் குமிழிகள் சேர்த்த கான்கிரீட்டை இந்தச் சிறு அளவும் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய கான்கிரீட் உறைபனி நாடுகளின் தேவை. அந்தச் சாம்பலைச் சிமென்ட் சூளையில் சுட்டால் பாதரசம் மீண்டும் கிளம்பும் என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அரைத்த சிமென்டில் கலப்பதற்கு மட்டுமே அதைத் தர வேண்டும், அல்லது இ.எஸ்.பி.க்குப் பின் தனித் துணிவடிகட்டி அமைத்துக் கரியைப் பிரித்தெடுக்க வேண்டும். பின்னதற்குச் செலவு கூடும்.

வரம்புக்குள்தானே இருக்கிறோம், எதற்கு இதெல்லாம் என்று நிலையங்கள் கேட்கலாம். இந்தியா 2015-இல் விதித்த வரம்பு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம். கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் பாதரசமுள்ள நிலக்கரியை எரித்து, எதையும் பிடிக்காமல் விட்டாலும் 0.025 தான் வரும். அமெரிக்காவில் பெரும்பாலான நிலையங்களுக்கான வரம்பு நம்முடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கந்தகத்தை நீக்கும் கருவிகள் கரையும் பாதரசத்தையாவது பிடித்திருக்கும். 2025 ஜூலையில் மத்திய அரசு பெரும்பாலான நிலையங்களுக்கு அவற்றைப் பொருத்துவதிலிருந்தும் விலக்களித்துவிட்டது. வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்காதவரை எந்த நிலையமும் கரி வாங்காது.