காது கொடுத்தால் கார் சொல்லும் – 17: உறுமும் பின் டயர்

ஸ்டீயரிங் நடுக்கம், பேலன்சிங், ஈயக்கட்டி எல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பேரிங் சத்தம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பேரிங் மாதிரியே வேஷம் போடும் ஒன்றைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

தெரிந்தவர் ஒருவரின் கார். வேகம் அறுபதைத் தாண்டினால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஓர் உறுமல். பின் பேரிங் இரண்டையும் மாற்றினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. கடைசியில் ஒரு டயர் கடைக்காரர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் ஒரு தடவு தடவினார். முன்பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகிறது. திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரி விரலைப் பிடிக்கிறது. “பேரிங்கெல்லாம் நல்லாத்தான் சார் இருந்திருக்கும். பட்டன்தான் ஏறி இறங்கிக் கெடக்கு” என்றார். பட்டன் என்றால் டயரின் மேற்பரப்பில் வரிசையாக இருக்கும் ரப்பர் கட்டிகள்.

முன்சக்கரங்கள் இழுக்கிற கார்களில் பின்சக்கரம் சும்மா உருண்டு வருகிறது. ஒவ்வொரு பட்டனும் தரையை விட்டுக் கிளம்பும்போது அதன் பின்விளிம்பு லேசாக இழுபடும், அங்கேதான் தேயும். முன்சக்கரத்தில் எஞ்சின் விசை எதிர்ப்பக்கமாக இழுத்து அதை ஓரளவு சமன் செய்துவிடும். பின்னால் அதற்கு ஆள் இல்லை. அப்படியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் டயரை இடம் மாற்றாமல் ஓட்டினால் உறுமல்தான். சுற்றுவாக்கில் அல்லாமல் அகலவாக்கில் தடவும்போது கை பிடித்தால், குற்றவாளி அலைன்மென்ட், குறிப்பாக டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று. 185/65 R15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதினோரு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு முறை வரும் கோளாறு என்றால் 11 ஹெர்ட்ஸ். நம் காது ஏறத்தாழ 20-க்கு மேல்தான் கேட்கும். ஆகவே அது கையிலும் இடுப்பிலும்தான் தெரியும். போன வாரத்து நடுக்கம் அதுதான். சுற்றுக்கு எழுபது பட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 800 தட்டு. அது காதுக்கு.

எழுபதும் ஒரே நீளமாக இருந்தால் என்ன ஆகும்? 1819-இல் பிரான்சில் கான்யார் த லா தூர் என்பவர் செய்த சைரன் ஆகும். சம இடைவெளியில் துளையிட்ட தட்டு சுழலும். துளைகள் காற்றை வெட்டி வெட்டி விடும். ஒரே சுதி பிறக்கும். டயர் வடிவமைப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். அதனால் பட்டன்களைச் சில வேறுவேறு நீளங்களில் செய்து, வரிசையைக் கலைத்துப்போடுகிறார்கள். சுதி சிதறி வெறும் இரைச்சலாகிவிடும். நம்பாதவர்கள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம். மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் தெரியும்.

இன்னும் இருக்கிறது. 1840-களில் ஜெர்மனியில் ஸீபெக் என்பவர் சைரன் தட்டின் துளைகளை ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். சுதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கியது! ஒன்றுவிட்டு ஒரு பட்டன் கூடுதலாகத் தேய்ந்த டயர் அடித்தொண்டையில் உறுமுவதும் இதே கணக்குதான். பேரிங் என்று நம்மை ஏமாற்றுவது இந்தக் கீழ்ச்சுதி.

சரி, எப்படிப் பிரித்தறிவது? கரடுமுரடான தார்ச் சாலையிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான சாலைக்கு அதே வேகத்தில் ஏறுங்கள். குரல் மாறினால் டயர். பேரிங்குக்குச் சாலை எதுவானாலும் ஒன்றுதான். அப்புறமும் சந்தேகமா? பின் டயரை முன்னால் மாற்றிப் போடுங்கள். சத்தமும் முன்னால் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்திலேயே மாற்ற வேண்டும்.

அலைன்மென்ட் செய்தும் சத்தம் நிற்கவில்லை என்று கடையில் சண்டை போடாதீர்கள். அலைன்மென்ட் இனிமேல் தேய்வதைத்தான் திருத்தும். தேய்ந்த ரப்பர் திரும்ப வளராது. முன்சக்கரத்தில் ஓடி ஓடிக் கொஞ்சம் சமமாகலாம். பல டயர்கள் சாகிறவரை உறுமிக்கொண்டேதான் இருக்கும்.

குழிகுழியாகத் தேய்வது வேறு கதை. அதில் ஷாக் அப்சார்பருக்குப் பங்கு உண்டு. அதுவும் பேரிங்கும் அடுத்த வாரம். இந்தத் தடவை நிச்சயம். அதற்குள் உங்கள் பின் டயரைத் தடவிப் பாருங்கள். முதலில் கண்ணால் நன்றாகப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். மொட்டையான டயரில் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விரலைக் கிழித்துவிடும்.