நத்தைக்கும் ரசீது கேளுங்கள்

கடல்நீர்த் தொட்டி வைத்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் சோதனைக் காலம். காசைக் கொட்டி வாங்கிய வெள்ளை மணல் பழுப்பேறும், கண்ணாடியில் பச்சை படியும், பிறகு பாறையெங்கும் நூல்பாசி முளைத்து அலையும். மனம் சலித்துப்போகும் அந்த நேரத்தில்தான் கடைக்காரர் ‘கிளீனப் க்ரூ’ என்று ஒரு பொட்டலத்தை எடுத்து வைப்பார். கொஞ்சம் நத்தை, கொஞ்சம் துறவி நண்டு, இரண்டு இறால், கொசுறாக ஒரு கடல் முள்ளெலி. இத்தனை லிட்டருக்கு இத்தனை உருப்படி என்று கணக்கும் கையோடு இருக்கும்.

அப்படிப் பொட்டலமாக வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வோர் உயிரின் இனப்பெயரையும், அது எந்த நாட்டுக் கடலிலிருந்து வந்தது என்பதையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். அந்த உயிர் உங்கள் தொட்டியில் பிழைக்குமா, அதை வைத்திருப்பது குற்றமா, ஏமாந்தால் பணம் திரும்புமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் தொடங்குகிறது.

பாசி மேயும் உயிர்கள் லேசுப்பட்டவை அல்ல. 1983இல் பனாமா கரையோரம் தொடங்கிய ஒரு நோய் கரீபியக் கடல் முழுக்கப் பரவி, ‘டயடீமா’ எனப்படும் நீள்முள் முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. ஜமைக்காவில் மேய்ச்சல் மீன்களை ஏற்கெனவே வலைபோட்டு அள்ளியிருந்தார்கள். 1980இல் வந்த ஆலன் புயல் பவளங்களை உடைத்திருந்தது. மிச்சமிருந்த மேய்ச்சல் உயிரும் போனதும் பாசி பாறையை மூடியது. எழுபதுகளின் கடைசியில் பாறைப் பரப்பில் பாதிக்கு மேல் இருந்த பவளம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது.

நம் பக்கத்திலும் ஒரு பாசிக் கதை உண்டு. பாக் நீரிணையில் வளர்க்கப்படும் ‘கப்பாபைக்கஸ்’ என்ற கடற்பாசி, 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருந்தது தெரியவந்தது. அதே பாசி தொல்லை தரும் ஹவாயின் கனயோஹே விரிகுடாவில், பண்ணையில் பொரித்த கடல் முள்ளெலிகளை இறக்கிவிட்டு மேயவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, தொட்டியிலும் நத்தையை விட்டால் தீர்ந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல். பாசி வளர்வதற்குக் காரணம் நீரிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சமும். நத்தை பாசியைத் தின்று எச்சமாக அதே தொட்டியில்தான் போடுகிறது. சத்து எங்கும் போவதில்லை. குழாய்த் தண்ணீரை நிறுத்தி ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுவது, மீனுக்கு அள்ளிப்போடும் தீனியைக் குறைப்பது, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரை ஒழுங்காக ஓடவிடுவது, தண்ணீர் மாற்றுவது, கையால் பாசியைப் பிடுங்கி வெளியே போடுவது, இவை முதலில். நத்தை அதற்குப் பிறகு. இந்த வரிசையைச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இனி இனத்துக்கு வருவோம். ‘ட்ரோகஸ்’ நத்தைகள் கண்ணாடியிலும் பாறையிலும் மெல்லிய படலப் பாசியை நன்றாக மேயும். மணலில் மல்லாக்க விழுந்தாலும் தாமே புரண்டு எழும். அதே கூம்பு வடிவில், பெரும்பாலும் விலை குறைவாக விற்கப்படும் கரீபிய ‘அஸ்ட்ரேயா’வுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. விழுந்தால் யாராவது நிமிர்த்திவிட வேண்டும். இரவில் விழுந்தால் காலையில் துறவி நண்டுக்கு விருந்து. நூல்பாசிக்கு மெக்சிகோ ‘டர்போ’ நல்லது, ஆனால் ஒட்டவைக்காத பவளத் துண்டையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும். மணலுக்கும் இடுக்குகளுக்கும் ‘செரித்’ போதும்.

‘மார்கரிட்டா’ என்று ஒரு நத்தை விற்கப்படுகிறது. அது குளிர்கடல் பிராணி. 26 டிகிரியில் வைக்கப்படும் வெப்பமண்டலத் தொட்டியில் நாளாக நாளாக நலிந்து செத்துப்போகும். சென்னை வெயிலில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டியென்றால் கேட்கவே வேண்டாம். வாங்கியவர் தன் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் அதையே வாங்குவார். ‘நசாரியஸ்’ விஷயம் வேறு: அது நல்ல நத்தைதான், ஆனால் பாசி தின்னாது. மணலுக்குள் புதைந்திருந்து, மிஞ்சிய தீனியின் வாடை வந்தால் தும்பிக்கை போன்ற குழலை நீட்டிக்கொண்டு வெளியே வரும். அதைப் ‘பாசி தின்னி’ என்று சொல்லி விற்றால் அது தவறான தகவல்.

துறவி நண்டு பாசியும் தின்னும், நத்தையையும் கொல்லும். வளர வளர அதற்குப் பெரிய ஓடு தேவை. காலி ஓடு இல்லாவிட்டால் நத்தை குடியிருக்கும் வீட்டையே பறிக்கும். வெவ்வேறு அளவில் காலி ஓடுகளைப் போட்டு வைத்தால் சண்டை குறையும், நிற்காது. குமிழ்ப்பாசிக்கு மரகத நண்டு உதவும். பெரிதாகிப் பசித்தால் பவளத்தையும் கிள்ளிப் பார்க்கும். கடல் முயல் என்ற நத்தையினம் நூல்பாசியைப் பார்த்துப் பார்த்துத் தின்னும். பாசி தீர்ந்த வாரத்திலிருந்து பட்டினி கிடக்கும். தொட்டிக்குள் இறந்தாலோ, மோட்டாரில் சிக்கிச் சாயம் கக்கினாலோ பெரும் தொல்லை. அதை வாங்குவதைவிட, ஊரில் இன்னொரு தொட்டிக்காரரிடமிருந்து சில வாரங்களுக்கு இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது அந்த உயிருக்கும் நல்லது.

லிட்டர் கணக்கு தவறாவதும் இந்தப் பட்டினியால்தான். புதுத் தொட்டியில் ஐம்பது நத்தையை இறக்கினால் பத்து நாளில் பாசி காலியாகும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். அழுகும் சதையிலிருந்து அமோனியா ஏறும். அதுவே அடுத்த பாசிக்கு உரம். 200 லிட்டர் தொட்டிக்கு ஐந்தாறு நத்தையில் தொடங்கி, ஒரு மாதம் பார்த்து, போதவில்லையென்றால் மட்டும் சேருங்கள். பாறையில் சளி போன்ற பழுப்புக் கயிறுகள் குமிழியோடு தொங்கினால் ஒன்றையும் சேர்க்காதீர்கள். அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்கக்கூடும். அதில் சில வகைகளின் நச்சு, மேயவந்த நத்தையையே கொல்லும்.

இன்னும் இரண்டு அபாயங்கள் கடையிலேயே தொடங்குபவை. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் மருந்து பலவற்றில் தாமிரம் உண்டு. மீன் தாங்கும் அளவே நத்தைக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் நஞ்சு. அந்த மருந்து போட்ட தொட்டித் தண்ணீரோடு வரும் நத்தை வீட்டுக்கு வந்தபின் சாகும். இன்னொன்று உப்பு. மீன் வைக்கும் தொட்டிகளில் சிலர் உப்பளவைக் குறைத்தே வைப்பார்கள். பையிலுள்ள நீரையும் உங்கள் நீரையும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து, வித்தியாசம் இருந்தால் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்குங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கும் யானைக்கும் உரியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். 2001இல் அதன் பட்டியலில் கடல் அட்டை அனைத்தும், கடல் குதிரைகளும், பாறை கட்டும் பவளங்களும், கடல் விசிறியும், இருபதுக்கும் மேற்பட்ட சங்கு, சிப்பி வகைகளும் சேர்க்கப்பட்டன. இராமநாதபுரம் கடற்கரையில் கடல் அட்டை என்றாலே வழக்கும் கைதும் நினைவுக்கு வரும். எதிர்க்கரையான இலங்கையில் உரிமத்தோடு அது தொழில், இங்கே குற்றம். அதையே ‘மணல் சுத்தம் செய்யும்’ என்று தொட்டிக்குப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், மிரண்டால் கடல் அட்டை கக்கும் நச்சு ஒரே இரவில் தொட்டி மீன்களைக் கொல்லக்கூடியது.

நத்தையில் சிக்கல் நுட்பமானது. அந்த 2001 பட்டியலில் ‘ட்ரோகஸ் நிலோடிகஸ்’, ‘டர்போ மார்மொரேட்டஸ்’ என்ற இரண்டும் உண்டு. அந்தமான் நிக்கோபார் கடலில் வாழும் இவற்றை ஓட்டின் முத்துப் பளபளப்புக்காகப் பொத்தானுக்கும் கைவினைக்கும் அள்ளிக் குறைத்துவிட்டார்கள். கடைப்பலகையில் வெறும் ‘ட்ரோகஸ்’, ‘டர்போ’ என்று மட்டும் இருந்தால், தாராளமாக வாங்கக்கூடிய உறவினமா, பட்டியலில் இருப்பதா என்று குஞ்சு அளவில் பார்த்துச் சொல்வது எளிதல்ல. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அட்டவணைகளே மாற்றி அடுக்கப்பட்டன. ஆகவே பழைய பட்டியலை மனப்பாடமாகச் சொல்பவரை நம்பாமல் இப்போதைய அட்டவணையில் இனப்பெயரைத் தேடுங்கள்.

தண்டனை பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை உயிரென்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும். இதில் பலருக்குத் தெரியாதது 57ஆம் பிரிவு. பாதுகாக்கப்பட்ட உயிர் உங்கள் கைவசம் இருந்தது என்று வழக்கில் நிறுவப்பட்டால், அதைச் சட்டப்படிதான் வைத்திருந்தீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ‘கடையில்தான் சார் வாங்கினேன்’ என்ற வாய்ச்சொல் அப்போது உதவாது.

‘இது லோக்கல், தூத்துக்குடி மால்’ என்று சொன்னால் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி உயிர் எதையும் எடுக்கக் கூடாது. அதற்காக உள்ளூர் நத்தை எல்லாமே குற்றம் என்று பொருளல்ல. பூங்காவுக்கு வெளியே கிடைக்கும், பட்டியலில் இல்லாத இனங்கள் ஏராளம். நம் வெப்பத்துக்கும் அவை ஒத்துவரும். இனப்பெயர் தெரியாமல் வாங்குவதுதான் வம்பு. பட்டியல் உயிரைக் கண்ணால் கண்டால் வனத்துறையிடமோ, சென்னையிலுள்ள வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமோ சொல்லலாம்.

பணம் போனால்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று அச்சடித்த வரியால், குளிர்கடல் நத்தையை வெப்பமண்டல நத்தை என்று விற்றது நியாயமாகிவிடாது. ஆனால் ஒழுங்காக வந்த நத்தையை நீங்கள் பழக்காமல் போட்டுக் கொன்றால் கேட்க ஒன்றுமில்லை.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதல் துணை. விற்பவர் எந்த நாட்டுப் பொருள் என்று சொல்லியாக வேண்டும். புகாரைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் பதிவு செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சல் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். செத்து வந்ததைத் தூக்கியெறியுமுன் படமெடுத்து அன்றே எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் இதை வீட்டிலிருந்தே செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

உங்கள் உடம்புக்கான எச்சரிக்கையும் உண்டு. பாசி பிடித்த பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். அதில் பவளத்தின் உறவான ‘பாலிதோவா’ ஒட்டியிருந்தால் ஆவியோடு பாலிடாக்சின் என்ற கடும் நச்சு கிளம்பும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் பாறையைச் சுரண்டவும் வேண்டாம். கடற்கரையில் அழகாகக் கிடக்கும் கூம்புச் சங்கு வகையை உயிரோடு எடுத்துவந்து தொட்டியில் விடும் ஆசையும் கூடாது. அதில் சில இனங்களின் கொட்டு ஆளையே கொல்லும்.

தொட்டி அலுத்துப்போய்க் கலைப்பவர்கள் மிச்ச உயிர்களை மெரினாவுக்கு எடுத்துப் போகாமல் கடைக்கோ வேறு தொட்டிக்காரருக்கோ கொடுங்கள். 1984இல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்தின் அருகே ஒரு சிறு திட்டாகக் காணப்பட்ட ‘காலெர்பா’ என்ற தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது. பிடுங்கிய பாசியையும் கழுவிய மணலையும் வடிகாலில் விடாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.