கப்பல் ஏறுமுன் டாலருக்கு பில் இருக்கிறதா?

சங்கரன்கோவிலில் மாலை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். அங்கிருந்து துறைமுகம் கொஞ்ச தூரம்தான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14-இல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் தொடங்கியது. கப்பலில் வெளிநாடு போவது எட்டாத கனவாக இல்லாமல் போனதும், கையில் என்ன பணம் கொண்டுபோவது என்ற கேள்வி வந்துவிட்டது.

ஊருக்குள் அதற்குத் தயார் பதில் ஒன்று உண்டு: “நம்ம பெரியப்பா மவன் சிங்கப்பூர்லருந்து லீவுக்கு வந்திருக்காம்லா, அவன்ட்ட டாலர் கெடக்கும்.”

கமிஷன் இல்லை, அலைச்சல் இல்லை. ஆனால் சட்டம் இதை ஏற்காது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-இன் 3-ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற வங்கியிடமோ பணமாற்று நிறுவனத்திடமோதான் வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டும், விற்க வேண்டும். மீறினால் 13-ஆம் பிரிவின்கீழ் சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம். வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்பளிப்பாகத் தருவது வேறு கதை. விலை பேசினால் அது வியாபாரம். நோட்டு நல்ல நோட்டாகவே இருக்கட்டும், சுங்க அதிகாரி “எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டால் நீட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

உரிமம் பெற்ற கடையில் பில் தருவார்கள். 40,000 ரூபாய்க்கு டாலர் வாங்கினால், அதில் ஒரு சதவீதமான 400 ரூபாய்க்கு மட்டுமே 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 72 ரூபாய். முழுத்தொகைக்கும் வரி என்று யாராவது கணக்குப் போட்டால் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் ரொக்கம். அதற்கு மேல் காசோலை, கார்டு அல்லது வங்கிப் பரிமாற்றம்.

இலங்கை போன்ற நாட்டுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோக முடியாது. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். இந்திய ரூபாயாக 25,000 வரை கொண்டுபோகலாம்.

சொகுசுக் கப்பலுக்குள் பெரும்பாலும் ரொக்கமே புழங்காது. செலவெல்லாம் அறைக் கணக்கில் ஏறும். இறங்குவதற்கு முன்பே கணக்குச் சீட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்துவிடுவது உத்தமம். இறங்கியபின் வாதாடுவது பெரும்பாடு.

கரையில் இறங்கினால் வேறு சிக்கல். ஏடிஎம் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்கூட்டியே ‘ஆன்’ செய்யாவிட்டால் அது அங்கே வேலை செய்யாது. கடையில் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் “இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா?” என்று கேட்கலாம். பழகிய ரூபாய்தானே என்று இந்திய ரூபாயைத் தொட்டால், மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது அந்தக் கடையின் பக்கம். அது பெரும்பாலும் நமக்கு நட்டம். இலங்கை ரூபாயே சரி. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐயும் செல்லும், ஆனால் எல்லாக் கடையிலும் அல்ல.

திரும்பும்போது கையில் 5,000 டாலருக்கு மேல் நோட்டு இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மிஞ்சியதில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். கூடுதலை 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ மாற்றிவிட வேண்டும். நாணயத்துக்கு வரம்பு இல்லை, வாங்கத்தான் ஆள் இல்லை.

கார்டில் திருட்டுத்தனமாகப் பணம் போனால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் தகவல் சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையதாக இல்லாமல், வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வங்கியினுடையது. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்; விவரத்துக்கு 14448.

சுற்றுலா நிறுவனம் ஏமாற்றினால் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்திருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை.