குடும்ப வண்டியில் டிரெய்லர் பூட்டலாமா?

விளைந்த பொருளையும் நெய்த துணியையும் உரிய வேளையில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது தருமபுரி மாவட்டத்து அங்கத்தினர்களுக்கு என்றும் உள்ள கவலை. பாலக்கோட்டுத் தக்காளி ஒரு நாள் தாமதத்தையும் தாங்காது. பட்டுக்கூட்டை, அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளிவருமுன் விற்றாக வேண்டும். சிறு சுமைக்கு லாரி வாடகை கட்டுப்படியாவதில்லை. ஆகவே, வீட்டில் இருக்கும் ஜீப்பின் பின்னாலோ பொலேரோவின் பின்னாலோ ஒரு சிறு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே. பூட்டியதும் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிடுகிறது. “ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும்” என்று பட்டறையில் சொல்கிறார்கள். இவ்வாலோசனை எவ்வளவு தூரம் சரி, எங்கே அபாயம் தொடங்குகிறது என்பதை ஆராய்வோம்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பித் தொண்டையை நெரிக்கும். ஓரளவு முன்பாரம் இருக்கும்படி சுமையை அடுக்குவதே வண்டிக்காரரின் திறமை. ஒற்றை அச்சு டிரெய்லருக்கும் இதே விதிதான். இங்கே மாட்டின் கழுத்துக்குப் பதிலாக மோட்டார் வண்டியின் கொக்கி இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய வழக்கில் இது இன்னும் குறைவு. பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகத்தில் பாம்புபோல் நெளியத் தொடங்கும். இழுக்கும் வண்டியையும் தன்னோடு இழுத்துச் செல்லும்.

பொலேரோவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 268 சென்டிமீட்டர். பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் கொக்கி இருப்பதாகவும், அதன்மேல் 100 கிலோ அமர்வதாகவும் கொள்வோம். அப்பொழுது பின் அச்சில் கூடுவது 100 கிலோ அன்று. ஏறக்குறைய 134 கிலோ. முன் அச்சில் 34 கிலோ குறைகிறது. கடப்பாறையால் கல்லைப் பெயர்ப்பதுபோல, பின் அச்சையே ஊன்றுகோலாகக் கொண்டு சுமை முன்புறத்தைத் தூக்குகிறது. வண்டியைத் திருப்புவன முன் சக்கரங்கள். பிரேக் பிடிக்கையில் பெரும் பங்கு வேலை செய்வனவும் அவையே. அவை தரையை இலேசாகத் தொடுவது நல்லதன்று.

பின்புறத்தை உயர்த்தப் பல வழிகள் உள்ளன. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் துணைப்பட்டை சேர்க்கலாம். சுமை ஏறிய பிறகே வேலை செய்யும்படி அமைந்த துணைப்பட்டை, எப்பொழுதும் இறுகி நிற்கும் பட்டையைவிடச் சிறந்தது. சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில், சுருளுக்குள் காற்றுப்பை வைத்து வேண்டியபோது காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பிரிங்கைக் கடினப்படுத்தினால், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் அதற்கேற்றதாக இருத்தல் அவசியம். அளவுக்கு மீறி இறுக்கினால், சுமையற்ற நாளில் பின்சக்கரங்கள் மேடு பள்ளத்தில் துள்ளித் தரைப்பிடிப்பை இழக்கும். அந்த வண்டியில்தான் நம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங் வண்டியின் உயரத்தைச் சரிசெய்யுமேயன்றி, அதன் பலத்தைக் கூட்டுவதில்லை. அச்சு, டயர், சட்டம், பிரேக் ஆகியவை பழையனவே. பின்புறம் தாழ்வது வண்டி நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. பட்டை சேர்த்தவுடன் அவ்வெச்சரிக்கை மறைந்துவிடுகிறது, பாரமோ அப்படியே இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தை அறியாதவர் நம்மில் இல்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதி உயிர்கள் பறிபோயின. வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய சக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாவிடில் அதன் சக்தியையும் முன்வண்டியின் பிரேக்கே அடக்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியரில் இறங்குவதே முறை.

ஆகையால் பட்டறைக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போகும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சுமையேற்றிய டிரெய்லரைப் பூட்டி, வண்டியின் பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பின் அச்சின் எடையை அறிக. வண்டியோடு வந்த கையேட்டில் கண்ட வரம்போடு அதை ஒப்பிடுக. கையேட்டில் இழுவை எடை கொடுக்கப்படவில்லையெனில் டிரெய்லர் பூட்டாதிருப்பதே விவேகம். டயரின் பக்கவாட்டில் பொறித்த பாரக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். அது 100 எனில், உரிய காற்றழுத்தத்தில் அந்த டயர் தாங்குவது 800 கிலோ. வரம்புக்குள் இருந்தும் பின்புறம் தாழ்ந்தால் துணைப்பட்டை தக்க உதவி. வரம்பைக் கடந்திருந்தால் குறைக்க வேண்டியது சுமையே.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு தேவை. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுவது நலம். விபத்து நேர்ந்தபின் கேட்பதால் பயனில்லை.

வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து பெட்டி கொண்டு செல்பவருக்குச் சிறு டிரெய்லர் போதும். நாள்தோறும் பெருஞ்சுமை கொண்டு செல்ல வேண்டியவர்கள், அண்டை வீட்டார் நால்வரோடு சேர்ந்து ஒரு சிறு சரக்கு வண்டியை வாங்குவதுபற்றி யோசிக்கலாம். பாரத்துக்கென்றே செய்த வண்டி பாரத்தைச் சுமக்கட்டும். குடும்ப வண்டி குடும்பத்தைச் சுமக்கட்டும்.