உங்களுக்குத் தெரியுமா? – உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்...

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் தியாகராய நகரில்தான். தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி அ.தி.மு.க.வின் சத்யாவை வென்றது வெறும் 137 ஓட்டுகளில். தம் கட்சி ஆதரவாளர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாகக் கூறி, சத்யா பின்னர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

இவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒரு கள்ள ஓட்டும் சின்ன விஷயமல்ல. பூத்துக்குப் போனபின் "உங்க ஓட்டு ஏற்கெனவே போட்டாச்சு" என்றால் தயவுசெய்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி என்றொரு விதி இருக்கிறது. 2018இல் 'சர்கார்' படம் வந்தபோது பலரும் முதன்முதலாகக் கேள்விப்பட்டது இதைத்தான். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்தால், இயந்திரத்துக்குப் பதில் வாக்குச்சீட்டு தருவார்கள். இதுதான் டெண்டர் ஓட்டு. அது தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கு வந்தால் நீதிமன்றத்தின் முன் சாட்சியாக நிற்கும்.

கள்ள ஓட்டுப் புகார் நம் ஊரில் மட்டும் எழுவதல்ல. 1948இல் அமெரிக்காவின் டெக்சாஸில், செனட் பதவிக்கான ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் லிண்டன் ஜான்சன் 87 ஓட்டில் வென்றார். ஆலிஸ் என்ற ஊரின் 13ஆம் எண் வாக்குப்பெட்டிக்கான வாக்களித்தோர் பட்டியலில் கடைசி நேரத்தில் சேர்ந்த சுமார் 200 பெயர்கள் அகரவரிசையில், ஒரே கையெழுத்தில் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜான்சன் பின்னாளில் அமெரிக்க அதிபரானார்.