ஒழுகும் ரத்தம், உறையும் ரத்தம்: ஒரே உடம்பில் எப்படி?

மூக்கில் அடிக்கடி ரத்தம் ஒழுகுகிறது. அதே ஆளுக்குக் காலில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அரிதுதான், ஆனால் நடக்கிறது. இங்கே இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு.

முதலாவது எச்.எச்.டி. என்ற பரம்பரைக் கோளாறு. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு உண்டு. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கவேண்டிய தந்துகிகள் சில இடங்களில் உருவாவதே இல்லை. தமனியின் அழுத்தம் மெல்லிய சிரையில் நேராக மோத, அது புடைத்துக் கசிகிறது. உதட்டிலும் நாக்கிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், அழுத்தினால் வெளிறும்.

இரண்டாவது, 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். இது பிறவியிலேயே இருப்பதல்ல, பிறகு வந்து சேர்வது. இதன் வேடிக்கை என்னவென்றால், சோதனைக் குழாயில் இந்த ரத்தம் தாமதமாகத்தான் உறையும்! உறைவதற்குத் தேவையான கொழுப்பை, இந்நோயில் உடம்பு தவறாக உருவாக்கும் எதிர்பொருள்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உடம்புக்குள்ளோ அவையே தட்டணுக்களையும் குழாய்ச் சுவரையும் உசுப்பி, ரத்தத்தை உறைய வைக்கின்றன.

இரண்டும் சேர்ந்தால் சிக்கல் நுரையீரலில். வழக்கமாக அங்கே சிக்கி நிற்கும் ரத்தக்கட்டி, தந்துகி இல்லாத குறுக்குவழியில் நழுவி மூளைக்கே போய்விடலாம்.

ரத்தம் ஒழுகுகிறவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுக்கலாமா? தேவையென்றால் கொடுக்கலாம், எச்.எச்.டி. அதற்கு முழுத்தடை அல்ல என்கிறது 2020இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். வீட்டில் பலருக்கு மூக்கில் ரத்தம் வரும் வழக்கமிருந்தால், மாத்திரை எழுதும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.