டக்ளஸ் பெருவழக்கு

ஒருவனுக்குத் தாய் இன்னாள், தந்தை இன்னான் என்பதைப் பிறர் எவ்வாறு அறிகின்றனர்? பெற்றோர் கூறுவர், உற்றார் ஒப்புவர், ஊரார் ஏற்பர். இம்மூன்றற்கு மேல் யாரும் சான்று தேடுவதில்லை. ஆயின் அம்மகனுக்குப் பெருநிலமும் பெரும்பெயரும் உரிமையாகுங்கால், நேற்றுவரை ஐயுறாதவரும் ஐயுறத் தலைப்படுகின்றனர். இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து நாட்டையே இரு பிரிவாக்கிய டக்ளஸ் வழக்காகும். அதன் வரலாற்றை ஈண்டு ஒருவாறு கூற முற்படுகின்றோம்.

டக்ளஸ் குடி ஸ்காத்லாந்தின் மிகப் பழைய குடிகளுள் ஒன்று. அக்குடியின் தலைவராய் விளங்கிய ஆர்ச்சிபால்டு என்னும் டக்ளஸ் கோமகன் நெடுங்காலம் மணமின்றி வாழ்ந்தார். அவர்க்கு ஒரே தங்கை. ஜேன் சீமாட்டி என்பது அவள் பெயர். 1746-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தன் நாற்பத்தெட்டாம் வயதில், கர்னல் ஜான் ஸ்டூவர்ட் என்பாரை அவள் மறைவாக மணந்து, அவருடன் ஐரோப்பியக் கண்டத்திற்குச் சென்றாள். கர்னலோ கையில் பொருளில்லாதவர், கடன் மிக்கவர். தமையனார் சினங்கொண்டு, ஆண்டுதோறும் தங்கைக்கு அளித்து வந்த 300 பவுனையும் நிறுத்திவிட்டார்.

1748-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் தனக்கு இரட்டை ஆண்மக்கள் பிறந்தனர் எனச் சீமாட்டி அறிவித்தாள். மூத்தவனுக்கு ஆர்ச்சிபால்டு எனத் தமையனாரின் பெயரையே இட்டாள். இளையவனுக்கு ஷோல்டோ என்று பெயர். அப்பொழுது அவளுக்கு வயது ஐம்பது. மூத்த குழவியை மட்டும் உடன்கொண்டு ரீம்ஸ் நகர் மீண்டனர். மெலிந்திருந்த இளையவனைச் செவிலி ஒருத்தியிடம் விட்டு வந்ததாகக் கூறி, 1749-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அழைத்துக்கொண்டனர். பின்னர் அனைவரும் இலண்டன் சேர்ந்தனர். கர்னல் கடனுக்காகச் சிறைப்பட்டார். சீமாட்டி மக்களிருவரோடும் தமையனாரின் கோட்டை வாயிலில் சென்று நின்றாள், கதவு திறக்கப்படவில்லை. 1753-ஆம் ஆண்டு மே மாதம் ஷோல்டோ இறந்தான். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அவளும் வறுமையில் எடின்பரோ நகரில் உயிர் நீத்தாள்.

இங்ஙனமிருக்க, ஹாமில்டன் கோமக்களின் நிலையையும் அறிதல் வேண்டும். 1656-ஆம் ஆண்டு டக்ளஸ் குடியின் இளைய மகன் ஒருவர் ஹாமில்டன் குடியின் தலைவியை மணந்தமையால், ஹாமில்டன் கோமக்கள் ஆண்வழியில் டக்ளஸ் மரபினரே ஆவர். ஜேனின் மக்கள் உண்மை மக்களல்லர் என்று மூத்த கோமகனை நம்பவைத்தவரும் இவரைச் சார்ந்தோரே. ஆனால் 1758-ஆம் ஆண்டில் முதிய கோமகன், மெயின்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்த மார்கரெட் டக்ளஸ் என்பாளை மணந்தார். புதிதாய் வந்த அக்கோமகள், தாயற்ற சிறுவனுக்காக ஓயாது வாதாடினாள். அவள் முயற்சி வீண்போகவில்லை. 1761-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இறப்பதற்குச் சில நாள் முன்னர், கோமகன் தம் பழைய ஏற்பாடுகளை மாற்றித் தங்கை மகனுக்கு நிலம் சேருமாறு எழுதிவைத்தார். எனவே ஆண்வழிக்கே உரிய மார்க்விஸ் முதலிய பட்டங்கள் அப்பொழுது ஆறு வயதினராயிருந்த ஹாமில்டன் கோமகனைச் சேர்ந்தன. பரந்த நிலங்களோ, சட்டப்படி வாரிசாக ஏற்கப்பெற்ற ஆர்ச்சிபால்டைச் சேர்ந்தன. பட்டம் ஓரிடமும் நிலம் ஓரிடமுமாயின. பிணக்கு இங்கே பிறந்தது.

சிறுவராகிய ஹாமில்டன் கோமகனின் பாதுகாவலருள் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் என்னும் வழக்கறிஞர் ஒருவர். அவர் பாரிஸ் சென்று, பதினான்கு ஆண்டுகட்கு முன் நடந்ததொன்றன் சுவடுகளைத் தேடலானார். மக்கள் பிறந்ததாகச் சொல்லப்பட்டது லெ பிரன் என்னும் பெண்மணியின் வீட்டில். அப்பெண்மணியையோ அவ்வீட்டையோ அவரால் காண முடியவில்லை. கோடப்ராய் என்னும் விடுதிக்காரரோ, அந்த ஜூலை 10-ஆம் நாளில் கர்னலும் மனைவியும் தம் விடுதியிலேயே தங்கியிருந்தனர் என்றும், அங்குப் பிள்ளைப்பேறு நிகழவில்லை என்றும் சான்று பகர்ந்தார். பேறு பார்த்த மருத்துவர் எழுதியனவாகக் காட்டப்பட்ட கடிதங்கள் கர்னலே புனைந்தவை என்பதும் வெளியாயிற்று. இவற்றினும் வலியதொன்று உண்டு. 1748-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மிஞோன் என்னும் கண்ணாடித் தொழிலாளியின் ஆண்குழவியையும், 1749-ஆம் ஆண்டு ஸான்ரி என்னும் கழைக்கூத்தாடியின் மகனையும் அயல்நாட்டார் சிலர் பெற்றுக்கொண்டு சென்றனர் என்ற செய்தி கிடைத்தது. ஆர்ச்சிபால்டும் ஷோல்டோவும் இவ்விருவரே என்பது ஹாமில்டன் கட்சியாரின் வாதம்.

டக்ளஸ் கட்சியாரும் வாளாவிருந்தாரல்லர். ஏலா ஷபேல், ரீம்ஸ் ஆகிய நகரங்களில் சீமாட்டியைச் சூலுற்ற நிலையில் கண்டோம் என்று பலர் கூறினர். உடன் சென்ற தோழி ஹெலன் ஹெவிட், பிள்ளைப்பேற்றின்போது தான் அருகிருந்ததாக ஆணையிட்டாள். கர்னல் 1764-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாகுந்தறுவாயில், கடவுளை முன்னிட்டு, அம்மக்கள் தம் மனைவி வயிற்றிற் பிறந்தவரே என்று எழுத்தில் உறுதி கூறினார். சீமாட்டி அம்மக்கள்பால் காட்டிய அன்பும், ஷோல்டோ இறந்தபின் அவள் தேறாது வாடியதும், இறுதிவரை ஆர்ச்சிபால்டைத் தன் மகனென்றே வாழ்த்தியதும் பெருஞ்சான்றுகளாய் எடுத்துரைக்கப்பட்டன.

சான்றுகள் இவ்வாறு எதிரெதிர் நிற்க, முடிவு எதனைப் பற்றி அமையும்? வழக்கின் உயிர்நிலை இதுவே. பெற்றோர் இருவரும் தம் மகனென ஏற்று, உலகறிய வளர்த்த ஒருவனைச் சட்டம் அவர்தம் மகனாகவே கொள்ளும்; அன்றென்பார் மேலதே அதனை மெய்ப்பிக்கும் சுமை. அச்சுமையை ஹாமில்டன் கட்சியார் முற்றும் சுமந்து முடித்தனரா என்பதே வினா. சிலர், கர்னலின் பொய் வெளிப்பட்டமையால் பிறப்பே பொய்யென்றனர். சிலர், பேதையர் மெய்யைக் காக்கவும் பொய்யைத் துணைக்கொள்வதுண்டு. ஒரு கடிதம் பொய்யாதலால் ஒரு மகன் பொய்யாகான் என்றனர்.

1767-ஆம் ஆண்டு ஜூலை மாதம் எடின்பரோவிலுள்ள உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் பதினைவரும் பல நாள் உரைத்த பின்னர், எழுவர் ஒருபுறமும் எழுவர் மறுபுறமுமாக நின்றனர். தலைமை நீதிபதி ராபர்ட் டண்டஸ் தம் வாக்கை ஹாமில்டன் பக்கம் இட்டார். ஒரே வாக்கினால் ஆர்ச்சிபால்டு மகனல்லன் ஆனான். மக்களோ பெரும்பாலும் அவன் பக்கமே நின்றனர். ஜான்சன் பெருமானின் வரலாற்றை எழுதிப் பிற்காலத்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பாஸ்வெல், அவன் பொருட்டுக் கற்பனைக் கதை ஒன்றும் வழக்குச் சுருக்கம் ஒன்றும் எழுதி வெளியிட்டார்.

வழக்கு இலண்டனிலுள்ள பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடாயிற்று. 1769-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட், எதிர்க்கட்சி வழக்கறிஞராகிய தர்லோவோடு துப்பாக்கி கொண்டு துவந்துவப் போர் செய்யுமளவிற்குப் பகைமை முற்றியது. பிப்ரவரி 27-ஆம் நாள் காம்டன் பிரபுவும் மான்ஸ்பீல்டு பிரபுவும் டக்ளஸ் சார்பில் நெடிது பேசினர். மூத்தவன் கர்னலையும் இளையவன் சீமாட்டியையும் ஒத்திருந்த முகச்சாயலையும், சீமாட்டியின் குடிப்பிறப்பையும் மான்ஸ்பீல்டு பிரபு சான்றாக்கினார். கீழ்மன்றத் தீர்ப்பு மாற்றப்பட்டது. எடின்பரோ நகரில் வீடுதோறும் விளக்கேற்றினர்; விளக்கேற்றாதார் வீட்டுச் சன்னல்கள் கல்லெறியுண்டன. ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் மட்டும் அமைதியுறாமல், 1773-ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்டு பிரபுவுக்குக் கடிதங்கள் என்னும் நூலை வெளியிட்டு, குடிப்பெருமை சான்றாகுமோ என வினவினார்.

ஆர்ச்சிபால்டு நாட்டுமன்ற உறுப்பினராகி, 1790-ஆம் ஆண்டு டக்ளஸ் பிரபு என்னும் பட்டமும் பெற்று, 1827-ஆம் ஆண்டு இறந்தார். அவர்க்கு ஆண்மக்கள் பலர் இருந்தும், 1857-ஆம் ஆண்டில் அப்பட்டம் வாரிசின்றி மறைந்தது. அத்துணைப் போராடிப் பெற்ற நிலம் பெண்வழியே ஹோம் என்னும் பிரபுக் குடியைச் சேர்ந்தது. 1963-ஆம் ஆண்டில் பிரிட்டனின் முதலமைச்சரான அலெக் டக்ளஸ் ஹோம் அவ்வழியினரே.

நிற்க. அக்காலத்தார் அறியாத சான்றொன்று இக்காலத்தில் உண்டு. உடலணுக்களில் உறையும் மரபணு, தந்தை வழியைப் பிழையின்றிக் காட்டவல்லது. ஸ்காத்லாந்திலேயே, 1683-ஆம் ஆண்டு அளிக்கப்பெற்ற ஸ்டிச்சில் பிரிங்கிள் பாரனட் பட்டம் யாருக்குரியது என்னும் வினா எழுந்தபொழுது, 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிவிக் கவுன்சில் நீதிக்குழு மரபணுச் சான்றையே கொண்டது. எட்டாம் பாரனட்டின் மூத்த மகனாக ஊரும் உலகும் ஏற்று, பட்டமும் தாங்கி மறைந்தவர் உண்மையில் அவர்க்குப் பிறந்தவரல்லர் எனக் கண்டு, இளைய மகனின் வழியினரே உரியவர் என்று முடிபு கூறியது. 1949-ஆம் ஆண்டுவரை நம் நாட்டு வழக்குகளுக்கும் இறுதி மன்றமாயிருந்தது அக்கவுன்சிலே. அன்று முகச்சாயலைக் கண்டு ஒருவனுக்குத் தாயைத் தந்தனர். இன்று அணுவைக் கண்டு, இறந்துபோன ஒருவரிடமிருந்து தந்தையை நீக்கினர்.

இவற்றுள் எது நீதி? பட்டமானது குருதிவழி செல்லுமாறு எழுதப்பட்டதாயின், குருதியை ஆராய்வதே நேர்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், டக்ளஸ் வழக்கில் தீர்ப்பை எதிர்நோக்கி நின்ற ஆர்ச்சிபால்டு இருபது வயது இளைஞன் என்பதை நாம் மறத்தலாகாது. இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர்க்கும் அவ்வயதே. அவன் இழக்கவிருந்தது நிலம் மட்டுமன்று. தன்னை மடியிலிருத்தி வளர்த்து, தனக்காகக் கோட்டை வாயிலில் நின்று அழுதவள் தாயல்லள் என்பதையும் அவன் கேட்டிருக்க நேர்ந்திருக்கும். அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

மற்றொன்றும் எம் உள்ளத்தை உறுத்துகின்றது. சாலோமோன் அரசன் அவையில் இரு பெண்டிர் ஒரு குழவிக்காக வழக்காடினர். அரசன் தேடியது தாயை. டக்ளஸ் வழக்கில் இரு பெருங்குடிகள் நிலத்திற்காக வழக்காடின; மன்றங்கள் தேடியது வாரிசை. கண்ணாடித் தொழிலாளியின் மனைவி சாட்சியாக மட்டுமே வினவப்பட்டாள். ஆர்ச்சிபால்டு அவள் மகனல்லன் என்று தீர்ந்தபின், அவ்வாறாயின் அவள் மகன் எங்கே என்று எந்த மன்றமும் கேட்கவில்லை. ஏழையின் பிள்ளைக்கு நிலமில்லை. ஆதலின் அவனைப் பற்றிய வழக்கும் இல்லை. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும், அறிஞர் ஆர்ச்சிபால்டு யாருடைய மகன் என்றே ஆராய்கின்றனர். மிஞோனின் குழவி என்னவாயிற்று என்னும் வினாவும் அதனோடு ஒருங்கு கேட்கத்தக்கதே என்பது எம் கருத்து.